கழுதைக்கு இருக்கிற துணிவு

"சலம் போகேக்க எரியுது ஆச்சி, சூடு பிடிச்சிட்டுது" எண்டு வந்து நிக்கிறாய். பாவம் பேசாலை வெயில்! எல்லாப் பழியையும் அதின்ர தலையிலதான் கட்டுறியள். காலமை துவங்கிக் கருவாடு காயப்போட்டுக்கொண்டு நிண்டியே, எத்தினை தரம் ஒதுங்கினாய்? ஒருக்காலும் இல்லை. வாடியில ஆம்பிளையள் நிக்கிறாங்களாம், வெக்கமாம். மன்னார்க் கழுதையைப் பார். நடுறோட்டில நிண்டு, பஸ்காரன் ஹோன் அடிக்க அடிக்க, காரியத்தை முடிச்சிட்டுத்தான் நகரும்.

அதைவிடப் பெரிய கெட்டித்தனம், ஒதுங்க இடமில்லையெண்டு தண்ணியே குடியாமல் விடுறது. கொழும்பு பஸ் ஏற முதலே நாக்கை வறளப் போடுறவளவையையும் எனக்குத் தெரியும். சலம் ஓடினால்தானே கிருமி அள்ளுண்டு போகும்? தண்ணி குறையக் குடிச்சு அடிக்கடி சலக்கடுப்பில கிடந்த பெண்டுகளை நாளுக்கு 1.5 லீற்றர் கூடக் குடிக்க வைச்சுப் பாத்தவங்களாம். வருத்தம் பாதியாக் குறைஞ்சதெண்டு 2018இல எழுதினவங்கள். தாதி வேலை பாக்கிற பேத்தி சொன்னவள்.

கிருமிக்கு ஊர்க் கக்கூசைக் குறை சொல்லாதை. அனேகமா அது ஈ.கோலி, உன்ர சொந்தக் குடலில இருக்கிறதுதான். முன்னாலயிருந்து பின்னால கழுவாமல் மற்றப் பக்கமா இழுத்தால், நீயே கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறாய். எங்கட சலக்குழாய் 4 சென்ரிமீற்றர் அளவுதான், ஆம்பிளைக்கு 20. ஆண்டவர் அளவெடுக்கேக்க எங்களிட்டைக் கொஞ்சம் கஞ்சத்தனம் பண்ணிப்போட்டார். பெண்டுகளில பாதிப்பேருக்கு ஒருக்காவது வாற வருத்தம் இது.

புதுசாக் கலியாணம் முடிச்சவளவைக்கும் வரும். உடனே மாப்பிள்ளையில சந்தேகப்படாதை. அவன் யோக்கியனோ எண்டது வேற வழக்கு. புருசனோட கூடி முடிஞ்ச கையோட எழும்பிச் சலம் போ. மலச்சிக்கல், சீனி வருத்தம், மாதவிலக்கு நிண்ட வயசு, இதுகளும் வழி திறந்துவிடும். வயித்தில பிள்ளையெண்டால் எரிவு காட்டாமலே கிருமி இருக்கக்கூடும். அதுக்குத்தான் கிளினிக்கில சலம் கேக்கிறவை. வெக்கப்பட்டுக் கிணத்துத் தண்ணியை வார்த்துக் குடுத்திடாதை.

இளநி குடி, ஆர் வேண்டாமெண்டது? காய்ச்சல், நடுக்கம், விலாவில நோவு, சலத்தில ரத்தம் எண்டால் மட்டும் இளநிக் குலையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இராமல் மன்னார் ஆசுப்பத்திரிக்கு ஓடு. எரிவு நிண்டவுடன டொக்டர் தந்த மிச்சக் குளிசையைப் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தானம் பண்ணவும் வேண்டாம்.

என்ன மருமோன், திண்ணையில இருந்து சிரிப்பு? வயசு போக உமக்குள்ள ஒரு சுரப்பி வீங்கிச் சலத்தை மறிக்கும். அப்ப 20 சென்ரிமீற்றரும் உதவாது.