இருபது லட்ச ரூபாய் வடிகட்டி

2024 நவம்பரில் உணவு டெலிவரி நிறுவனமான சொமேட்டோவின் தலைவர் தீபிந்தர் கோயல் எக்ஸ் தளத்தில் ஓர் ஆள் தேவை விளம்பரம் போட்டார். அவருக்கு வலதுகையாக ஒரு சீஃப் ஆஃப் ஸ்டாஃப் வேண்டும். முதல் வருஷம் சம்பளம் கிடையாது. சேருகிறவர்தான் 20 லட்சம் கட்ட வேண்டும். அது ஃபீடிங் இந்தியா என்ற தொண்டு அமைப்புக்கு நன்கொடையாகப் போகும். பதிலுக்கு, சேருகிறவர் கைகாட்டும் தர்மத்துக்கு நிறுவனம் 50 லட்சம் தருமாம். அவர் வீட்டு வாடகையை எந்தத் தர்மம் கட்டும் என்று விளம்பரத்தில் இல்லை.

மறுநாளே பத்தாயிரம் விண்ணப்பம் தாண்டியது. வந்தவர்களை நாலு வருணமாகப் பிரித்து ஊரறிய அறிவித்தார் தலைவர். முழுப் பணமும் உள்ளவர்கள். கொஞ்சம் உள்ளவர்கள். இல்லையென்று சொல்பவர்கள். நிஜமாகவே இல்லாதவர்கள். அந்த மூன்றாவது வருணத்தைப் பாருங்கள். வேலை கேட்டு எழுதியவன், நாடு பார்க்கப் பொய்யனாகிவிட்டான்.

பிறகு கதை மாறியது. 20 லட்சம் வெறும் வடிகட்டியாம். யாரிடமும் வாங்கப் போவதில்லையாம். பணத்தைப் பற்றிப் பேசினவர்களில் பெரும்பாலோர் கழிக்கப்படுவார்களாம். பணப் பேச்சை எடுத்ததே அவர்தானே ஐயா!

இப்படி ஊரறியப் பேசுவதற்குப் பெயர் வெளிப்படைத்தன்மை என்கிறார்கள் முதலாளிகள். அப்படியா? சம்பளம் எவ்வளவு என்று விளம்பரத்தில் போடச் சொல்லுங்கள். 'தகுதிக்கேற்ப' என்று பதுங்குவார்கள். மூன்று ரவுண்டு இன்டர்வியூ முடித்தவன் முடிவு கேட்டால் எச்ஆர் போனை எடுக்காது. அதே ஆள், 'இந்தச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது' என்று ஒரு மெயில் போடட்டும். பெயரை அழித்த ஸ்கிரீன்ஷாட்டோடு லிங்க்ட்இன்னில் முதலாளியின் பிரசங்கம் தொடங்கிவிடும்: இந்தத் தலைமுறைக்குப் பசியே இல்லை!

அவன் திருப்பி ஒரு வார்த்தை பேச முடியுமா? அவனுடைய ரெஸ்யூமே இன்னும் பத்துக் கம்பெனியில் கிடக்கிறது. வாயைத் திறந்தால் 'பிரச்னை பண்ணுகிற ஆள்'. முதலாளிக்கு என்ன போயிற்று? காலணா செலவில்லாத விளம்பரம். லைக் போடுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடமே சம்பளம் வாங்குகிறவர்கள்.

வேலை தேடுகிறவனுக்கு உண்டு, இல்லை என்று ஒரு வரி போதும். அதையும் அவனுக்கு மட்டும் அனுப்பினால் போதும். முதலாளி ஊரறிய வாதாடியே தீரவேண்டும் என்றால் ஆளா இல்லை? மழையில் பையைச் சுமந்து நிற்கிற டெலிவரிப் பையன், ஆர்டருக்குக் கிடைக்கிற காசு ஏன் குறைந்தது என்று கேட்கிறான். அவனோடு ஒரு ரவுண்டு, அதே எக்ஸ் தளத்தில், கணக்கைப் போட்டு வாதாடட்டுமே!