ஸ்கோர் கேட்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில், கண் சிவந்தும் முகம் மலர்ந்தும் ஒருவர் எதிரே நடந்து வந்தால், முந்தின ராத்திரி இத்தாலியில் கால்பந்து ஆட்டம் இருந்தது என்று பொருள். குட்மார்னிங் சொல்லலாம், மழை வருமா என்று கேட்கலாம். ஸ்கோர் மட்டும் கேட்டுவிடக் கூடாது.

"ஸ்கோரா?" என்பார், பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டீர்கள் என்று நாம் கேட்டுவிட்ட மாதிரி. "அதைக் கடைசியில சொல்றேன். நாப்பத்தோராவது நிமிஷம் என்ன ஆச்சுன்னு கேளுங்கோ."

நாற்பத்தோராவது நிமிடத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஒருவன் பந்தோடு வந்திருக்கிறான். அவன் போக நினைத்த இடத்தில் மிலான் அணிக்காரன் முன்னாடியே போய் நின்றிருக்கிறான். வந்தவன் பந்தைப் பின்னால் தட்டிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். இதைச் சொல்லி முடிக்கப் பூங்காவை இரண்டு சுற்று சுற்ற வேண்டியிருந்தது. நடுநடுவே நின்று, "நின்னான் பாருங்கோ!" என்று தொடையில் ஒரு தட்டு வேறு. பிறகு ஐம்பத்தெட்டாவது நிமிடம். அதிலும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வேறு விதமாக ஆகவில்லை. வாசல் கேட் வரை வந்தபிறகு மறுபடி கேட்டால், "கோல் இல்லாத டிரா. என்ன ஆட்டம் சார்!" என்று கண்ணை மூடிக்கொள்கிறார்.

தப்பித்தவறி ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என்று முடிந்திருந்தாலும் அந்த மூன்று கோலும் நம் காதுக்கு வராது. விழாமல் போன பதினொரு கோல்தான் வரும். கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டால், ஜாதகம் பொருந்தாமல் போன வரன்களை வரிசையாகச் சொல்கிற மாமாவைப் போல.

இந்த வியாதி 1990-இல் பிடித்தது. விவேகானந்தா கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தவர், இத்தாலியில் நடந்த உலகக் கோப்பையைத் தூர்தர்ஷனில் பார்த்தார். மொத்தம் 52 ஆட்டம், 115 கோல். அதாவது ஆட்டத்துக்குச் சராசரி 2.21, எந்த உலகக் கோப்பையிலும் இதைவிடக் குறைந்ததில்லை. ஊர் உலகமே கொட்டாவி விட்ட அந்தப் போட்டியில்தான் நம்மவர் காதலில் விழுந்தார். இத்தாலியின் கோல்கீப்பர் வால்டர் ஸெங்கா 517 நிமிடம் ஒரு கோலும் விடாமல் காத்ததை இன்றைக்கும் சொல்வார். 518-ஆவது நிமிடத்தில் கோல் போட்ட அர்ஜென்டினாவின் கனிஜியாவை இன்னும் மன்னிக்கவில்லை.

அப்புறம் மிலான். 1993-94 பருவத்தில் அந்த அணி 34 ஆட்டத்தில் வெறும் 36 கோல் அடித்துப் பட்டம் வாங்கியது. விட்டது 15. இந்தக் கணக்கை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, கீழே கைகூப்புகிற பொம்மையும் போட்டிருந்தார். அதே பருவத்தில் கோல்கீப்பர் செபாஸ்தியானோ ரோஸி 929 நிமிடம் தொடர்ந்து கோல் விடவில்லை. அது என் செல்பேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கம் என்பதால் என்னிடம் அவருக்குத் தனிப் பிரியம்.

பூங்காவில் ஒருநாள் இன்னும் மேலே போனார். எண்பதுகளின் கடைசியில் மிலானுக்குப் பயிற்சி கொடுத்த அரிகோ சாக்கி, முன்பு அப்பாவின் செருப்புக் கம்பெனிக்கு விற்பனையாளராக இருந்தவர்; பந்தே இல்லாமல் வீரர்களைப் பயிற்சி செய்ய வைத்தவர். பந்து இல்லாமல் ஆடலாம் என்றால் நாம் ஏன் ஆடக் கூடாது என்று நம்மவருக்குத் தோன்றிவிட்டது. ஓய்வுபெற்ற மூன்று பேரைப் பிடித்து, தன்னையும் சேர்த்து நால்வராக நடைபாதையை அடைத்து நிறுத்தினார். அவர்தான் மிலானின் தடுப்பாட்டக்காரர் ஃபிராங்கோ பரேஸி. அவர் கையைத் தூக்கினால் நால்வரும் ஒரே நேரத்தில் ஓர் எட்டு முன்னால் வைக்க வேண்டும், எதிரி ஆஃப்சைடில் மாட்டிக்கொள்வான். "லைன்! லைன்!" என்று கத்திக் கையைத் தூக்கினார். எல்.ஐ.சி. மாமா எட்டு வைத்தார். சர்க்கரைக்காக நடக்கிற வக்கீல் வைத்தார். முழங்கால் ஆபரேஷன் ஆனவர் மட்டும் அரை நொடி பிந்திவிட்டார். அந்த இடைவெளியில் நுழைந்து, காதில் இயர்போனோடு ஒரு பெண் விறுவிறுவென்று போயே போய்விட்டாள். "பாத்தேளா? இதுக்குத்தான் அடிச்சிண்டேன். கோல்!" என்று முழங்கால்காரரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவர் மறுநாளிலிருந்து வாக்கிங்கை மாடவீதிக்கு மாற்றிக்கொண்டுவிட்டார்.

பெசன்ட் நகர் கடற்கரையில் ஆர்செனல், மான்செஸ்டர் சட்டை போட்டுத் திரிகிற பிள்ளைகளைக் கண்டால் ஒரே வார்த்தைதான்: "ஓட்டப் பந்தயம்." 2005 மே மாதம் இஸ்தான்புல்லில் மூன்று கோல் முன்னிலையை மிலான் லிவர்பூலிடம் கோட்டைவிட்ட கதையை அந்தப் பிள்ளைகள் எடுத்தால், இவருக்கு அவசரமாகப் பால் வாங்க வேண்டியிருக்கும்.

ஆனால் 2014-ஐ நினைத்தால் எனக்கு இவர்மேல் கோபம் வர மாட்டேன் என்கிறது. நம் ஊர் அணியான சென்னையின் எஃப்.சி.க்கு ஆடவும் பயிற்சி கொடுக்கவும் மார்கோ மடராஸி வந்தார். பின்னாலேயே அலெஸாந்த்ரோ நெஸ்டாவும் வந்தார். இருவரும் 2006-இல் உலகக் கோப்பை வாங்கிய அணியில் இருந்தவர்கள், இருவரும் தடுப்பாட்டக்காரர்கள். இருபத்து நாலு வருஷம் டி.வி. பெட்டிக்குள் இருந்த உலகம், பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்துக்கு வந்து இறங்கியது. நெஸ்டாவுக்கு அப்போது 38 வயது. நம்மவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார், பேசவே இல்லை. மடராஸிக்குக் கைதட்டவும் இல்லை, ஏனென்றால் அவர் மிலானின் எதிரி அணியான இன்டர்காரர். 2005 ஏப்ரலில் மிலானும் இன்டரும் மோதியபோது, வெடிப்புகை நடுவே மிலானின் ருய் கோஸ்டா தோளில் மடராஸி கை ஊன்றி நிற்கும் படம் உலகப் பிரசித்தம். எல்லோருக்கும் அது நட்பின் சின்னம். இவருக்கு மட்டும், "அந்த வெடியை எங்க கோல்கீப்பர்மேல போட்டது யார்னு கேளுங்கோ!"

மறுவருஷம் டிசம்பர் வெள்ளத்தில் சென்னையே மூழ்கி, நம் ஊர் அரையிறுதியைப் புனேயில் வைத்தார்கள். 20-ஆம் தேதி கோவாவில் இறுதியாட்டம். தோற்றுக்கொண்டிருந்த அணி கடைசி சில நிமிடங்களில் இரண்டு கோல் பெற்று 3-2 என்று கோப்பையைத் தூக்கியது. ஊர் அழுது சிரித்தது. மாடிப்படியில் எதிர்ப்பட்ட நம்மவரிடம் வாழ்த்துச் சொன்னேன். "ரெண்டு விட்டுட்டானே சார்" என்றார். 2018 இறுதியாட்டத்திலும் பெங்களூருவை அதே 3-2-இல் ஜெயித்தோம். அவரும் அதையேதான் சொன்னார்.

என் கோபம் வேறு. எம்போலி அணியின் மாற்று கோல்கீப்பர் யார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவர், வியாசர்பாடிக்கு ஒருநாளும் போனதில்லை. மிலான் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல். வியாசர்பாடி நம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. தெருவுக்குத் தெரு பையன்கள் பந்து உதைக்கிற இடம். சென்னையின் எஃப்.சி.யின் நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷ் அங்கிருந்து வந்தவர். வாருங்கள், ஒரு சாயங்காலம் போய் மேட்ச் பார்க்கலாம் என்று பல தடவை கூப்பிட்டுவிட்டேன். "அங்க எல்லாரும் அட்டாக் பண்றான் சார்" என்கிறார். இதற்கு மேல் நான் என்ன செய்ய?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் இருவருக்கும் நடுவே ஒரே சுவர்தான். மற்ற ரசிகர்கள் கோல் விழுந்தால்தான் கத்துவார்கள், அதுவும் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு மூன்று தடவை. இவர் கோல் விழாதபோதெல்லாம் கத்துகிறார். இத்தாலியின் ராத்திரி ஆட்டம் அவர்கள் நேரப்படி 8.45-க்கு. கோடையில் நமக்கு அது 12.15. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அதிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை 1.15. மயிலாப்பூரில் ஃப்ளாட் பார்க்கிறவர்கள் தண்ணீர், கார் பார்க்கிங் விசாரிப்பதோடு, பக்கத்து வீட்டுக்காரர் எந்த லீக் என்பதையும் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.