மற்ற உலகத்திலை இருந்து காசு வருதோ?

வா மோனை, இப்பிடி இரு. உந்தக் கைபேசியை ஒருக்கால் கவிட்டு வை. நேற்றுக் கற்பகப் பிள்ளையார் கோயிலடியிலை நீ பெடியளுக்கு அளந்தது எனக்கும் கேட்டது. பாக்காத வரைக்கும் ஒண்டுமே இல்லையாம், எல்லாம் வெறும் சாத்தியம்தானாம், குவாண்டம் அப்பிடித்தான் சொல்லுதாம். நல்ல கதை! பின் வளவு வெங்காயத்துக்குத் தண்ணி மாறாமல் விட்டதும் அதாலைதானோ? பாத்தால்தானே வாடும்?

பெட்டிக்குள்ளை செத்தும் சாகாமலும் கிடக்கிற பூனையைப் பற்றியும் சொன்னாய். 1935 இலை சுரோடிங்கர் எண்ட விஞ்ஞானி அதைச் சொன்னது ஆரும் நம்பவேணுமெண்டில்லை. உந்தக் குவாண்டக் கணக்கை இழுத்துக்கொண்டு போனால் எப்பிடியொரு விசர்க்கதையிலை போய் நிக்குமெண்டு காட்ட, தன்ரை ஆக்களுக்கு அடிச்ச நக்கல் அது. அந்தாளும் என்னை மாதிரி ஒருத்தன். நக்கலைத் தேவாரமாக்கின கெட்டிக்காரன் நீதான்.

இலத்திரன் எங்களை மாதிரி இல்லை, அது மெய்தான். அளக்க முந்தி இன்ன இடத்திலை நிக்குதெண்டு அடிச்சுச் சொல்லேலாது. 1999 இலை வியன்னாவிலை, 60 காபன் அணு சேர்ந்த மூலக்கூறே கன வாசலாலை ஒரேயடியாப் போன மாதிரி நடந்து காட்டினது. ஆனால் எங்கை? காத்தை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள்ளை. காத்து வந்து இடிச்சால் அந்தக் கூத்துக் கலைஞ்சுபோம். பாக்கிறதுக்கு உன்ரை கண் வேணுமெண்டில்லை மோனை. வெயில் பட்டாலும் காணும், காத்துத் தட்டினாலும் காணும். உரும்பிராயிலை வெயிலுக்கும் காத்துக்கும் பஞ்சமோ? வெங்காயத்தை அதுகள் பாத்துக்கொண்டுதான் நிக்குது. பாக்காதது நீ ஒருத்தன்தான்.

எவரெட் எண்டொருத்தர் 1957 இலை இன்னொண்டு சொன்னவர். நடக்கக்கூடியதெல்லாம் ஒவ்வொரு கிளையிலை நடந்துகொண்டுதான் இருக்காம். உடனை நீ, சோதினை பாஸான மற்ற நீ கனடாவிலை நல்லா இருக்கிறானெண்டு கொம்மாவைத் தேத்திறாய். இருக்கட்டுமன். காசு அனுப்புறானோ? அந்தக் கிளைக்கும் இந்தக் கிளைக்கும் போக்குவரத்தில்லை எண்டுதானே அந்தக் கணக்கே சொல்லுது!

இனி எங்கடை ஆளின்ரை கதையைக் கேள். எலியேசர் எண்டு ஒரு தமிழர். கேம்பிரிட்ஜிலை குவாண்டம் விஞ்ஞானி டிராக்கிட்டைப் படிச்சவர், பேந்து இலங்கைப் பல்கலைக்கழகத்திலை கணிதப் பேராசிரியர். 1943 இலை ஐதரசன் அணுவை எடுத்து, குவாண்டத்தைக் கலக்காமல் பழைய முறையிலை கணக்குப் போட்டார். பழைய முறையிலை பாத்தால் இலத்திரன் கருவுக்குள்ளை விழவேணுமெண்டுதான் பேச்சு. அவற்றை கணக்கிலை அது விழேல்லை. கிட்டப் போய்த் திரும்பி, பிச்சுக்கொண்டு ஓடிச்சுது. விழுந்தாலென்ன, ஓடினாலென்ன? அணு நிண்டு பிடியாது. ஐதரசன் இல்லாட்டித் தண்ணி எங்காலை? தண்ணி இல்லாட்டி நீ எங்காலை?

இப்ப விளங்குதோ? ஒண்டும் இல்லையெண்டு சொல்ல நீ சாட்சிக்குக் கூப்பிட்ட குவாண்டம்தான், இருக்கிறதெல்லாம் இருக்கிறதுக்குக் காரணம். சாத்தியமெண்டால் எதுவும் நடக்குமெண்டும் இல்லை. எது எத்தினைக்கு எத்தினையெண்டு அது கறாராக் கணக்குச் சொல்லும்.

தத்துவம் பேசு, வேண்டாமெண்டு ஆர் சொன்னது? அந்தக் கணக்குக்கு என்ன கருத்தெண்டு பெரிய மூளைகாரரே இண்டைக்கும் பிடுங்குப்படுகினம். ஆனால் அவை கணக்கைச் செய்துபோட்டுப் பிடுங்குப்படுகினம். நீ கணக்கை விட்டிட்டாய், பிடுங்குப்பாட்டை மட்டும் தூக்கிக்கொண்டு திரியிறாய்.