கோவளத்தில் நாளை அலை எப்படி?

அலை முன்னறிவிப்பு என்பது ஒரு கடற்கரைக்கு வரும் நாட்களில் எத்தனை அடி அலை, எத்தனை வினாடிக்கு ஒன்றாக, எந்தத் திசையிலிருந்து வரும், அப்போது காற்று எப்பக்கம் அடிக்கும், ஓதம் ஏறுமா வற்றுமா என்பதையெல்லாம் ஒரே அட்டவணையில் அடக்கிச் சொல்லும் அறிக்கை. அலைச்சறுக்கு ஆடுகிறவர்கள் இதைக் காலையில் பல் துலக்குவதற்கு முன்பும் இரவில் விளக்கை அணைத்த பின்பும் படிக்கிறார்கள். நடுவில் அலுவலகத்தில் படிப்பது கணக்கில் சேராது.

உதாரணத்துக்குக் கோவளத்தை எடுத்துக்கொள்ளலாம். சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் மீனவர் ஊர். 2021-இல் இதன் கடற்கரைக்கு, தூய்மையான கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஊர்ப் பிள்ளைகள் பலகையில் ஏறி நிற்கப் பழகிவிட்டார்கள். கரையின் பெரும்பகுதியில் அலை உடைவது மணல்திட்டின் மேல்தான். இது பிறகு பெரிய விவகாரம் ஆகும்.

முன்னறிவிப்பைப் படிப்பதில் முதல் சிக்கல் ஊர்ப்பெயரிலேயே தொடங்குகிறது. செல்பேசியில் ‘கோவளம்’ என்று தேடினால் கேரளத்துக் கோவளமும் வந்து நிற்கும். அங்கேயும் கடல், அங்கேயும் அலைச்சறுக்குப் பள்ளி. ஆனால் அது மேற்கு பார்த்த கரை, இது கிழக்கு பார்த்த கரை. ஜூன் மாதத்துத் தென்மேற்குக் காற்று அங்கே கடலிலிருந்து கரையை அறைந்து அலையைக் குதறிப் போடும். அதே காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி இங்கே வரும்போது கரையிலிருந்து கடலை நோக்கி வீசி அலையின் முகத்தை இழைத்துவிடும். பக்கம் மாறிப் படித்தவர் ஜூனில் நல்ல காலையைத் தூங்கிக் கழிப்பார். டிசம்பரில் ‘கடல் அமைதி’ என்று படித்துவிட்டு வந்து, வடகிழக்குப் பருவமழையின் நடுவில் பலகையும் கையுமாக நிற்பார்.

அலை பார்த்துச் சொல்லும் தொழில் சென்னைக் கடற்கரைக்குப் புதிதல்ல. துறைமுகம் கட்டப்படும் முன்பு கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகுகள்தான் பயணிகளை அலை தாண்டிக் கரை சேர்க்கும். சேர்க்கும் வழியிலேயே குளிப்பாட்டியும் விடும். அலை மிஞ்சிப்போன நாளில் கரையில் கொடி ஏற்றி எச்சரித்தார்கள். ‘வராதே’ என்ற ஒரு சேதியோடு அறிக்கை முடிந்தது.

அலையைக் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்லும் முறை இரண்டாம் உலகப்போரில் பிறந்தது. நார்மண்டி போன்ற கரைகளில் படை இறக்க எந்த நாள் தோது என்று தெரியவேண்டியிருந்தது. அதற்கான வழியை வகுத்தவர்கள் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப்பும் வால்ட்டர் மங்க்கும். மங்க் பிறந்தது வியன்னாவில். அந்த ஊருக்குக் கடல் கிடையாது. இந்தியாவின் கடல்நிலை முன்னறிவிப்பைத் தயாரிக்கும் இன்காய்ஸ் மையம் இருப்பது ஹைதராபாத்தில். அந்த ஊருக்கும் கடல் கிடையாது. கடலைப் பற்றி நிதானமாக யோசிக்கக் கொஞ்சம் தள்ளி உட்காருவதே நல்லது போலிருக்கிறது. 1985-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய சர்ஃப்லைன் நிறுவனம் இந்தக் கணக்கைத் தொலைபேசி வழியே சறுக்கு ஆடுபவர்களுக்கு விற்றது. போருக்குப் பிறந்த அறிவியல் விடுப்பு எடுக்கப் பயன்படத் தொடங்கிய வரலாறு இவ்வளவே.

இனி அட்டவணைக்குள் போகலாம். முதலில் கண்ணில் படுவது ஸ்வெல், அதாவது எங்கோ கிளம்பி நெடுந்தூரம் கடந்து வரும் அலை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கோவளத்துக்கு வரும் தரமான அலை பெரும்பாலும் உள்ளூர்ச் சரக்கல்ல. அண்டார்ட்டிகாவைச் சுற்றியுள்ள தெற்குப் பெருங்கடலில் எங்கோ ஒரு புயல் தண்ணீரைக் கடைகிறது. அதில் கிளம்பிய அலை 14 வினாடிக்கு ஒன்றாக ஒழுங்குபட்டு வடக்கே நடக்கிறது. சுமார் 7,000 கிலோமீட்டர், மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர் வேகம், ஆக ஒரு வாரப் பயணம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. தனித்தனி அலையின் வேகம் அலைக்கூட்டத்தின் வேகத்தைப் போல இரு மடங்கு. அதனால் பின்வரிசையில் பிறக்கும் அலை கூட்டத்துக்குள் புகுந்து முன்னேறி, முன்வரிசைக்கு வந்ததும் கரைந்துபோகும். பின்னால் புதிது முளைக்கும். கட்சி ஊர்வலத்தில் பின்னாலிருந்து முண்டியடித்துத் தலைவர் பக்கத்தில் போய்ப் படத்தில் விழுந்துவிட்டு டீக்கடைக்குள் மறைகிற தொண்டர்களைப் போல. ஊர்வலம் என்னவோ அதே மெதுநடையில் போய்க்கொண்டிருக்கும்.

அந்த ஊர்வலத்துக்கு நேர்வழியும் கிடையாது. தெற்கிலிருந்து வரும் ஸ்வெல்லுக்கும் கோவளத்துக்கும் நடுவில் இலங்கை கிடக்கிறது. தென்தென்கிழக்காக, தீவின் கிழக்குக் கரையை ஒதுக்கிக்கொண்டு வரும் அலைதான் முழுசாக வந்து சேரும். மற்றவை தீவின் ஓரத்தில் வளைந்து இளைத்து வரும். அதனால் திசைக்கட்டத்தில் 160 பாகை என்று இருந்தால் சந்தோஷம், 190 என்று இருந்தால் சந்தேகம். தீவின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பையில் இன்று காலை முழு உடம்போடு உருளும் ஸ்வெல்லின் மிச்சம் நாளை விடிகாலை வாக்கில் கோவளத்தைத் தொடும். அங்கே இருக்கும் நண்பர் படம் அனுப்பினால் அதுவும் ஒரு முன்னறிவிப்பே. பொறாமை இலவச இணைப்பு.

அடுத்த கட்டம் உயரம். இங்கே கவனமாக இருக்கவேண்டும், ஏனென்றால் ஒரே அலைக்கு மூன்று உயரம் உண்டு. அட்டவணையின் கணினிக் கணக்கு சொல்வது நடுக்கடலில் இருக்கும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. அந்தக் கூட்டத்திலேயே இதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு உயரமுள்ள ஒன்று ஒளிந்திருக்கலாம். இரண்டாவது, கரைக்கு வந்து உடையும்போது உள்ள உயரம். மூன்றாவது, டீக்கடையில் சொல்லப்படும் உயரம். முதலாவது அடியிலும் மீட்டரிலும் இருக்கும். இரண்டாவதை முழங்கால், இடுப்பு, நெஞ்சு, தலை என்று உடம்பை வைத்து அளப்பார்கள். யாருடைய உடம்பு என்பது தீராத வழக்கு. ஹவாய்க்காரர்கள் அலையின் பின்பக்கத்தை அளந்து பாதியாகக் குறைத்துச் சொல்வது வழக்கம். டீக்கடை அளவு அதற்கு நேர் எதிர். அங்கே நேரம் ஆக ஆக அலை வளரும்.

உயரத்தை மட்டும் பார்த்து ஓடி வருகிறவர் புதியவர். பழகியவரின் கண் முதலில் போவது அதற்குப் பக்கத்திலுள்ள வினாடிக்கு. 3 அடி, 6 வினாடி என்றால் பக்கத்தில் எங்கோ அடித்த காற்று கிளப்பிவிட்ட கலக்கல். பலகையில் படுத்தால் முதுகில் தட்டிக்கொண்டே இருக்கும். அதே 3 அடி, 14 வினாடி என்றால் ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் நடுக்கடலில் 300 மீட்டர் தூரம். இப்படிப்பட்ட அலை ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து வளரும். ஆனால் கூட்டம் கூட்டமாகத்தான் வரும். நடுவில் பல நிமிடம் கடல் குளமாகக் கிடக்கும். அந்த இடைவேளையில் வந்து பார்க்கிறவர் “ஒண்ணுமே இல்லையே” என்று வண்டியைத் திருப்புவார். அவர் தலை மறைந்ததும் அடுத்த கூட்டம் வரும். இந்த நீள ஸ்வெல் பெரிதாக வரும்போது உள்ளூரில் காற்றே இல்லாமல் கடல் கரையேறிவிடும். கேரள மீனவர்கள் கள்ளக்கடல் என்று சொல்வது இதைத்தான். இன்காய்ஸும் அதே பெயரில் எச்சரிக்கை விடுகிறது.

காற்றுக்கான கட்டம் ஊருக்குள் குழப்பம் உண்டாக்கக் கூடியது. விடியற்காலையில் நிலக்காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். அலை கண்ணாடியாக நிற்கும். முற்பகலிலோ உச்சிப்பொழுதை ஒட்டியோ கடற்காற்று உள்ளே நுழைந்ததும் அந்தக் கண்ணாடி நொறுங்கும். மே மாதத்தில் சென்னை முழுவதும் மொட்டை மாடியில் நின்றுகொண்டு கடற்காற்று எப்போது வரும் என்று ஏங்கும். அது இன்னும் இரண்டு மணி நேரம் தாமதமாகட்டும் என்று வேண்டிக்கொள்ளும் கும்பல் ஒன்று அதே ஊரில் இருக்கிறது என்பது வெளியே தெரிந்தால் அடி விழும்.

ஓதத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கரையில் ஏற்ற வற்ற வித்தியாசம் பௌர்ணமி, அமாவாசையிலேயே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் அலை தன் உயரத்தைப் போல 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடையும் என்பது பொதுக்கணக்கு. அதனால் அந்த ஒரு மீட்டரும் அலை திட்டின் மேல் உடையுமா, திட்டைத் தாண்டி வந்து கரையில் காலடியில் கவிழுமா என்பதைத் தீர்மானிக்கும்.

திட்டு என்றதும்தான் முன்னறிவிப்பு தொண்டையைக் கனைக்கிறது. கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் இருப்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் அலை அதை வடக்கே தள்ளுகிறது, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திருப்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்குதான் ஜெயிக்கும். சென்னைத் துறைமுகத்தின் சுவர் குறுக்கே நின்றதால் தெற்கில் மெரினா அகலமானதும் வடக்கில் ராயபுரம் கரைந்ததும் இதே கணக்கில்தான். கோவளத்தில் போன வாரம் இடப்பக்கம் அழகாக உடைந்த அலை இந்த வாரம் மொத்தமாக ஒரே கவிழ்ப்பாகக் கவிழலாம், ஏனென்றால் திட்டு நகர்ந்துவிட்டது. உலகக் கடலைப் பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடும் கணினிக்கு இது தெரியாது. ஏழாயிரம் கிலோமீட்டர் பயணத்தை மணிக்கணக்கில் சொல்லிவிட்டுக் கடைசி நூறு மீட்டரில் அது கையை விரித்துவிடுகிறது.

அந்த நூறு மீட்டருக்கான தகவல் நிலையம் கரையிலேயே வலை பிரித்துக்கொண்டிருக்கும். காலை ஆறு மணிக்கு நான்கு பேர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்பேசியைத் தேய்ப்பார்கள். ஒருவர் மட்டும் போய், “அண்ணே, இன்னைக்கு எப்படி?” என்று கேட்பார். அண்ணன் தலையை முழுசாக நிமிர்த்தாமல், “திட்டு அந்தப் பக்கம் போயிடுச்சு தம்பி. பதினோரு மணிக்கு மேல காத்து திரும்பிடும். ஏறுறதுன்னா இப்பவே ஏறு” என்பார். ஃபைபர் படகை அலை தாண்டி எடுத்துப்போகிறவர், அலைக்கூட்டம் ஓயும் நேரம் பார்த்துத்தான் இறக்கியாக வேண்டும். தப்பினால் எஞ்சினும் வலையும் போகும். அவர் கணிப்புக்குச் சந்தா கிடையாது. அதனாலேயே சிலருக்கு நம்பிக்கை வருவதில்லை.

அட்டவணையின் அடியில் நட்சத்திரங்கள் இருக்கும். ஸ்வெல்லையும் காற்றையும் கூட்டிப் பெருக்கிக் கணினி போடும் மதிப்பெண் அது. புயல் வந்தால் அலை பெரிதாகும், அலை பெரிதானால் மதிப்பெண் ஏறும் என்ற அளவில்தான் அதன் உலக ஞானம். 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் பக்கத்து மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட நாட்களில் எண்ணூரிலும் கடலூரிலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று வானொலி சொல்லும், கலெக்டர் பள்ளிக்கு விடுமுறை விடுவார். நட்சத்திரத்தை நம்பிப் பலகையைத் தூக்குகிறவர் கூண்டின் எண்ணையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தூக்குவது நல்லது.

அட்டவணையில் இல்லாத ஒன்று, உள்ளே இழுக்கும் நீரோட்டம். அலைகள் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் திட்டுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தின் வழியே கடலுக்குத் திரும்பும். அந்த இடத்தில் அலை உடையாது, நுரை இருக்காது, பார்க்கச் சாந்தமாக இருக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருகிறவர்கள் தேடிப்பிடித்து அங்கேயே இறங்குவார்கள். சறுக்கு ஆடுபவர் கை வலிக்காமல் உள்ளே போக அதையே பாதையாக வைத்துக்கொள்வார். மாட்டிக்கொண்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைப்புதான் மிஞ்சும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு கரையைப் பார்க்கவேண்டும்.

கடைசியாக, முன்னறிவிப்பின் ஆயுள். முதல் மூன்று நாள் கணக்கை நம்பி வண்டிக்குப் பெட்ரோல் போடலாம். ஏழாம் நாள் வரை நண்பர்களுக்குச் சொல்லி வைக்கலாம். வாக்குக் கொடுக்கக் கூடாது. அதற்கு மேல் 16 நாள் வரை காட்டும் எண்கள் இன்னும் உருவாகாத புயலிலிருந்து இன்னும் கிளம்பாத அலையைப் பற்றியவை. நாளுக்குப் பல முறை மாறும். அவற்றின் பயன் ஒன்றே. 14 வினாடி ஸ்வெல் எந்தப் புதன்கிழமை வருகிறது என்று பார்த்து, அதற்கு முந்தைய செவ்வாய் மாலையிலிருந்தே அலுவலகத்தில் லேசாக இருமத் தொடங்கலாம்.