பெரியப்பாவுக்கும் சேர்த்து ஒரு பதில்

கே: பி.எஸ்ஸி. கணிதம் முடிக்கப்போகிறேன். ஆராய்ச்சி வரை படிக்க ஆசை. “பொம்பளைப் புள்ளைக்கு பி.எட். போதாதா? கணக்குல பெருசா வந்த பொண்ணு யாரு?” என்கிறார் பெரியப்பா. என்ன சொல்ல?
– ஒரு வாசகி, கான்சாபுரம்

ப: மயிலாடுதுறையில் பிறந்த ஆர். பரிமளா என்று சொல்லுங்கள். சென்னை ஸ்டெல்லா மாரிஸில் படித்து, மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தில் இருபடி வடிவங்களில் ஆழ்ந்தவர். 1987-ல் அறிவியலுக்கான பட்நாகர் விருது. 2010-ல் ஹைதராபாத்தில் உலகக் கணித மாநாடு கூடியபோது, வந்தவர்கள் எல்லோரும் ஒரே அரங்கில் அமர்ந்து கேட்கும் முழு அமர்வு உரைகளில் ஒன்று அவருடையது. பெரியப்பா கேட்ட ‘பெருசு’க்கு இது போதும்!

குறை பெண்களை உள்ளே விடாத வாசலில்தான், அவர்கள் மூளையில் இல்லை. கணித மேதை எம்மி நோதரையே ஜெர்மனியின் கோட்டிங்கனில் சம்பளமின்றி, அங்கிருந்த கணிதப் பேராசிரியர் ஹில்பர்ட் பெயரில் பாடம் நடத்த வைத்தார்கள். கணிதத்தின் உயரிய விருதான, 1936-ல் தொடங்கிய ஃபீல்ட்ஸ் பதக்கம் ஒரு பெண்ணின் கைக்கு வர 2014 ஆனது. ஈரானின் மரியம் மிர்சாகானி வாங்கினார். இங்கே பெண் கணிதவியலாளர்களே 2009-ல் ‘இந்தியன் விமன் அண்ட் மேத்தமாடிக்ஸ்’ என்று அமைப்பாகத் திரண்டார்கள்.

பி.எட். நல்ல படிப்புதான். ஆனால் அது உங்கள் முடிவாக இருக்கட்டும். முதலில் கணித மாணவர்களுக்கான எம்.டி.டி.எஸ். கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். தங்க இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. இடம் கிடைத்ததும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயில் ஏற்றிவிடப் பெரியப்பாவையே அழைத்துப் போங்கள்.