இன்ஜின் மாற்றிய ஏந்தலே, வாழ்க!

வடசென்னையின் வாகனத் திலகமே! திருவொற்றியூர் பெற்றெடுத்த திருவிளக்கே! அரசு ஏலத்தில் பழைய மகிந்திரா எம்.எம். 540 ஜீப்பை எடுத்து, எடுத்த சூட்டோடு அதன் இன்ஜினைக் கழற்றிப் போட்ட தங்கள் துணிவைப் பாராட்டி இந்த வாழ்த்து மடலை வாசித்தளிப்பதில் பேருவகை கொள்கிறோம்.

முதலில் தங்கள் தன்னம்பிக்கையைச் சொல்ல வேண்டும். தாங்கள் பிறந்த மண் லேசுப்பட்டதா? 1946-ல் பலூன் செய்யும் கொட்டகையாகத் திருவொற்றியூரில் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். 1948-ல் பிறந்த அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. என்ஃபீல்டு புல்லட் இந்தியாவில் தயாரானதும் இதே திருவொற்றியூரில்தான். ஆலையில் ரிட்டையரான ஃபிட்டர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். காசிமேட்டில் விசைப்படகின் சத்தத்தைக் கரையில் நின்று கேட்டே கோளாறு சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். இத்தனை பேருக்கு நடுவில் வாழ்ந்தும் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், கைப்பேசியில் வீடியோ பார்த்தே தொழில் கற்றீர்களே! ஏகலைவனுக்குக்கூட மண்ணால் ஒரு துரோணர் தேவைப்பட்டது.

டீக்கடைப் பெரியவர் ஒருவர் வலிய வந்து, "இன்னா நைனா, வண்டி புகை தள்ளுது, இழுக்கலன்றே. நாசில் செக் பண்ணியா? கம்ப்ரஷன் பாத்தியா? ஏர் கிளீனர்ல ஆயில் மாத்துனியா?" என்று கேட்டார். தாங்கள் புன்னகைத்தீர்கள். நாசில் அடைத்திருந்தாலும், பம்ப் டைமிங் தப்பியிருந்தாலும், ஏர் கிளீனர் தொட்டியில் சேறு கட்டியிருந்தாலும் டீசல் இன்ஜின் அப்படித்தான் புகையும் என்பதெல்லாம் அற்பர்களின் கவலை. நோய்க்குக் காரணம் தேடிவிட்டு மருந்து கொடுக்கச் சொன்ன வள்ளுவர் ஜீப் வைத்திருந்தவர் அல்லவே.

கழற்றிப் போட்டது பியூஷோவின் எக்ஸ்.டி.பி. 4.90. 90 மில்லிமீட்டர் போரில் நாலு சிலிண்டர், 2112 சிசி, 62 குதிரைத்திறன். அதற்குப் பதிலாகப் புதுப்பேட்டையில் தாங்கள் கண்டெடுத்தது பொலேரோ ரகத்து 2523 சிசி டிஐ டர்போ. எந்த வண்டியில் இருந்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, பேப்பர் உண்டா என்று கேட்டு வியாபாரியின் மனத்தைத் தாங்கள் புண்படுத்தவில்லை. "ஓடுன இன்ஜின் சார்" என்றார். ஓடியிருக்கும்தான்.

சிசி கூடினால் வேகம் கூடும் என்பது தங்கள் கொள்கை. அந்த டிஐ ரகத்தின் திறனும் பெரும்பாலும் அறுபதுகளில்தான். கூடுவது அடிமட்டச் சுற்றில் கிடைக்கும் டார்க். அதுவும் 3200 சுற்றுக்குள் மூச்சடங்கிவிடும். பியூஷோவோ 4000-ஐயும் தாண்டிச் சுற்றக்கூடியது. ஆக்ஸில் ரேஷியோவை மாற்றாமல் இன்ஜினை மட்டும் மாற்றினால் உச்ச வேகம் முன்னைவிடக் குறையும். காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொண்ட பொறுப்புள்ள குடிமகனை இந்த வட்டாரம் இப்போதுதான் பார்க்கிறது. அதனால் நஷ்டமும் இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் நிற்க எத்தனை சிசி ஆனால் என்ன?

பூட்டிய அழகை நேரில் கண்டவர் பாக்கியவான்கள். செயின் பிளாக்கில் தொங்கிய இன்ஜினை இறக்கினால் அதன் சம்ப் நேராக முன் ஆக்ஸிலின் டிஃபரன்ஷியல் மீது போய் உட்கார்ந்தது. இறக்குவதற்கு முன்னால் டேப் வைத்து அளந்திருக்கலாம். வீரர்கள் அளப்பதில்லை. மவுண்ட்டுக்கு அடியில் சேனல் துண்டுகளை வெல்டிங் வைத்து இன்ஜினைத் தூக்கினீர்கள். பானட் மூடவில்லை, பானட்டில் ஒரு ஜன்னல் வெட்டினீர்கள். ஃபேன் ரேடியேட்டரை உரசியது. ஃபேன் இறக்கைகளை அறுத்தீர்கள். இன்ஜின் கொதித்தது. கடைசியில் ஃபோர் வீல் போட்டதும் முன் புரொபெல்லர் ஷாஃப்ட் புது சைலன்சர் பைப்பில் மோதியது. அங்கேதான் தங்கள் மேதைமை சுடர்விட்டது: ஷாஃப்டையே கழற்றி வீட்டுத் திண்ணையில் வைத்தீர்கள். நாலு சக்கரமும் இழுக்கும் என்பதற்காகவே வாங்கிய ஜீப்பை இரண்டு சக்கரம் இழுக்கும் ஜீப்பாக மாற்றியதற்குப் பெயர் அப்கிரேடு என்று தங்களிடம்தான் கற்றோம்.

சட்டத்தையும் தாங்கள் கௌரவித்த விதமே தனி. ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. இன்ஜின் மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ.விடம் அனுமதி கேட்க வேண்டும். மீறினால் 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆர்.சி.யில் ஒரு நம்பர், பிளாக்கில் வேறு நம்பர் என்று வண்டி ஓட்டினால் விபத்து நாளில் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது அந்த நம்பரைத்தான். அதிகாரிகளுக்கு வேலை வைக்கக் கூடாது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே போகாத தங்கள் கருணையை எப்படிச் சொல்வது!

அதியமானுக்காகத் தூது வந்த ஔவைக்குத் தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டினான். நெய் பூசி, மாலை சூட்டி, மினுமினுவென்று இருந்த வேல்களை அவள் மெச்சிவிட்டு, அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாளாம். போரைக் கண்ட கருவி பட்டறையில் கிடக்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்குப்படி பார்த்தால் இத்தொண்டை மண்டலத்தில் தங்களுக்கு நிகரான வீரன் கிடையாது. தங்கள் ஜீப் பட்டறையை விட்டு வெளியே வந்ததே இல்லை.

அடுத்ததாகப் பெரிய டர்போ போடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டோம். நாலு சக்கரத்திலும் அந்தக் காலத்து டிரம் பிரேக்கையே வைத்துக்கொண்டு அதற்கு மேல் பலத்தை ஏற்றலாமா என்று அந்த டீக்கடைப் பெரியவர் மறுபடியும் முணுமுணுக்கிறார். அவர் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். பிரேக் என்பது ஓடுகிற வண்டிக்குத் தேவைப்படும் சாமான். அந்தச் செலவுக்குத் தங்கள் ஜீப் இடம் வைக்கவில்லை. வாழ்க தங்கள் கொற்றம்! வளர்க பட்டறை பில்!