உடைஞ்சா சத்தம் வருமா, சக்கரம் வருமா?

வெல்டிங் செட்டு வாங்கிட்டியாமே மாப்ள, என் தங்கச்சி சொன்னா. கிரைண்டரும் வந்துருச்சாம், வைஸும் வந்துருச்சாம். ஓம்னி வண்டியோட அடிச்சாமான் அம்புட்டையும் இனிமே கொல்லையிலயே செஞ்சு மாட்டிக்கிறதா முடிவாம். செய்யி, தாராளமா செய்யி. ஒன்னைய மாதிரி கைக்காரன் நம்ம வம்சத்துலயே கெடையாது. நீ கெணத்து மோட்டாருக்கு வயரு மாத்துன அன்னைக்குத் தெருவுக்கே கரண்டு போச்சுல்ல, ஊரு மறந்தாலும் நான் மறக்கல.

வண்டியக் குத்தம் சொல்ல மாட்டேன். 1984ல எறங்குன வண்டி, 2019 வரைக்கும் கம்பெனியில செஞ்சாக. 796 சிசி, மூணு சிலிண்டரு. இஞ்சினு சீட்டுக்கு அடியிலயே கெடக்கும். சித்திரையில ஒக்காந்தா தோசை சுடலாம், மார்கழியில சொகமா இருக்கும். முன்னால ஸ்ட்ரட்டு, பின்னால பட்டா. கையும் மண்டையும் உள்ளவன் செய்யக்கூடிய வேலை அதுல நெறையவே இருக்கு. கை ஒனக்கு இருக்கு.

ஒரு சாமானச் செய்ய எடுக்குமுன்ன ஒரே ஒரு கேள்வி கேளு: இது உடைஞ்சா சத்தம் வருமா, சக்கரம் வருமா? சத்தந்தான் வரும்னா செய்யி. சக்கரம் கழண்டு தனியா வரும்னா கடைக்குப் போ. இம்புட்டுத்தான் என் இஞ்சினீரிங்கு.

சக்கரத்தப் புடிச்சிருக்குற ஆர்முல உள்ள ரப்பர் புஷ்ஷுல ஆரம்பி, அது ஒனக்குத் தோதான வேலை. தேஞ்சாலும் லொடக் லொடக்குன்னு மாசக்கணக்கா எச்சரிக்கும், நீதான் ரேடியோவக் கூட்டி வச்சுக்குவ. பழசக் கழட்டுறப்ப வீரனாட்டம் சம்மட்டியத் தூக்காத. சின்ன சாக்கெட்டு ஒண்ணு, பெரிய சாக்கெட்டு ஒண்ணு, நடுவுல ஆர்ம வச்சு வைஸத் திருகுனா பிதுங்கி வந்துரும். வெளிக்கூடு துருப்புடிச்சு வரலையா, ஆக்சா பிளேட உள்ள விட்டு கூட்ட மட்டும் நீளவாக்குல அறு. ஆர்மையும் சேத்து அறுத்துறாத. ஒன் சுறுசுறுப்பு தெரிஞ்சுதான் சொல்றேன். புதுசு ஏத்தயில சோப்புத் தண்ணி போதும். கிரீஸத் தடவாத, ரப்பரு ஊறி உப்பிப் போகும்.

நைலான் ராடுல கடைசல் போட்டுக்கிறேன்னு லேத்துல சொல்லிவச்சியாமே. பின்பட்டா கண்ணுக்கும் ஷேக்கிளுக்கும் அது சரி. அங்க ஒரே அச்சுல ஆடுற ஆட்டந்தான், நைலான் வழுக்கிக்கிட்டே நிக்கும். ஆனா தண்ணியக் குடிச்சு லேசா ஊதுற சாதி அது. சிக்குன்னு இருக்கணும்னு மயிரிழை எடம் விடாமக் கடைஞ்சு வச்ச, ஐப்பசி மழைக்கு இறுக்கிப் புடிச்சுக்கும். முன்பக்கத்து ஆர்முக்கு நைலான் வேண்டாம். அங்க ரப்பரு சுத்துறதில்ல, முறுக்கிக் குடுக்குது. மேலயும் கீழயும், கொஞ்சம் முன்னயும் பின்னயும்னு நாலு பக்கமும் இணங்கிப் போற எடம். அங்க கெட்டிச் சாமானப் போட்டா ரோட்டுல உள்ள ஒவ்வொரு கல்லும் ஒன் ஸ்டீரிங்குல வந்து பேரு சொல்லிட்டுப் போகும்.

ரப்பர் புஷ்ஷுல பெரிய மெக்கானிக்குகளே விடுற கோட்டை ஒண்ணு இருக்கு. ஜாக்கியில தூக்கி, சக்கரம் தொங்குறப்பவே போல்ட்ட முறுக்கிருவாக. வண்டிய எறக்குனதும் ஆர்ம் மேல போகும், ரப்பரு திருகிக்கிட்டே நிக்கும். நிறுத்தி வச்ச வண்டியிலயும் அது திருகுன மேனிக்குத்தான் கெடக்கும், சீக்கிரமே கிழியும். அப்புறம் கடைக்காரன் சாமானு மட்டம்னு ஊரெல்லாம் ஏசுறது. போல்ட்ட லேசா மாட்டி, சக்கரத்தத் தரையில எறக்கி, வண்டிய ரெண்டு குலுக்குக் குலுக்கி, அப்புறம் கடைசி முறுக்கு முறுக்கு.

அடுத்தது பட்டா. கொல்லன் பட்டறையில அடிச்சு வளைச்சுப் போட்டுருவேன்னியாமே. நம்ம திருப்பாச்சேத்தி அருவா எதுல செய்யுறாக? லாரிப் பட்டாவுல. பட்டா அருவாளாகும் மாப்ள. அருவா பட்டாவானத இந்தச் சீமையில ஒருத்தனும் பாத்ததில்ல. பட்டா இரும்ப ஆலையில 850, 900 டிகிரிக்குக் காய்ச்சி, எண்ணெயில முக்கி, திரும்ப 400, 500 டிகிரியில பதம் வைக்கிறான். அந்தப் பதந்தான் அமுங்கி அமுங்கி எந்திரிக்குது. நீ அதை உலையில செவக்கவிட்டு வளச்ச, பதம் போச்சு. ஒண்ணு தொஞ்சு கெடக்கும், இல்ல சில்லுன்னு ஒடியும். உடைஞ்ச பட்டாவ வெல்டிங் வச்சு ஒட்டுற யோசனையும் ஒனக்கு இருக்கும்னு தெரியும். ஒட்டுன எடம் நிக்கும், அதுக்குப் பக்கத்துல விரிசல் விடும்.

ஷேக்கிள் பிளேட்டு அறுக்கிறியா, அறு. பழசு எம்புட்டுத் தடிமனோ அதுக்குக் கொறையாம எடுத்து, ரெண்டையும் சேத்துப் புடிச்சு ஒரே ஓட்டையாப் போடு. ஆனா வண்டிய ஒசத்துறேன்னு நீட்டி அறுக்காத. பட்டாவுக்கு ஒரு முனைதான் ஷேக்கிளுல இருக்கு. ரெண்டு அங்குலம் நீட்டுனா வண்டி ஒரு அங்குலந்தான் ஒசரும், லைட்டு மட்டும் மூக்கக் குத்திக்கிட்டு ரோட்டப் பாக்கும். பதினஞ்சு வருசம் தாண்டுன வண்டி வேற. அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா ஆர்.சி. புதுப்பிக்கப் போறப்ப இன்ஸ்பெக்டரு குனிஞ்சு பாப்பாரு. அவருகிட்டயும் ஒன் கைவரிசையக் காட்டு.

யு போல்ட்டு கம்பிதான மாமா, வளச்சு மரை போட்டா ஆச்சும்ப. கட்டடக் கம்பிய எடுத்துக்கிட்டு வந்த, அந்தக் கம்பியாலயே ஒனக்கு ரெண்டு போடு போடுவேன். பட்டாவையும் ஆக்சிலையும் இறுக்கிக் கட்டுறது அதுதான். நல்ல போல்ட்டு தலையில 8.8, 10.9ன்னு எழுதியிருக்கும், அது அலங்காரத்துக்கில்ல. சாதா இரும்புக்கு அதுல பாதி வலுதான். போகப் போக நீண்டு தளரும், பாரமெல்லாம் சென்டர் போல்ட்டுல ஏறும், அது சுண்டு வெரலுக் கனம், ஒரு நாள் துண்டாகும். அப்புறம் பின்னச்சு அதும்பாட்டுக்கு ஒரு பக்கம் போகும், வண்டி நண்டு மாதிரி நடக்கும்.

ஸ்ட்ரட்டுப் பக்கம் இன்னும் போகலைன்னு நெனைக்கிறேன். மேல இருக்குற அந்த ஒத்த நட்டு, அமுக்கி வச்ச ஸ்பிரிங்கப் புடிச்சுக்கிட்டு இருக்கு. ஸ்பிரிங் கம்ப்ரஸர மாட்டாம அதைக் கழட்டுனா மொதல்ல பறக்குறது நட்டு, அடுத்தது ஒன் மொகரை. கயித்தக் கட்டி, செயினச் சுத்தி சமாளிக்கிற கெட்டிக்காரனுகளும் இருக்கானுக. அவனுகளுக்குப் பல்லு எத்தனை மிச்சம்னு எண்ணிப் பாத்துட்டு அப்புறம் கயித்த எடு.

பால் ஜாயின்ட்டுல கைய வைக்காத, இதுல நையாண்டியே இல்ல. குண்டு தேஞ்சுருச்சுன்னு மேல ஒரு பொட்டு வெல்டிங் வச்சு இறுக்குற வேலையெல்லாம் கேள்விப்பட்டுருக்கேன். அது கிண்ணத்த விட்டுக் கழண்டா முன்சக்கரம் உள்ளாற மடங்கும், ஸ்டீரிங்கு ஒன் கையில இருக்கும், வண்டி இருக்காது. லோயர் ஆர்ம் வெடிச்சாலும் அதே கதிதான், அதையும் ஒட்டாத.

பால் ஜாயின்ட்டு, லோயர் ஆர்ம், யு போல்ட்டு மூணையும் நாளைக்கே பில்லுப் போட்டு வாங்கிட்டு வந்துரு. புஷ்ஷுக்குக் கடைசல் கூலிய நான் தாரேன்.